ஓமந்தூராரின் இரண்டு வருஷம்

சென்னையில யார்கிட்டயாவது "ஓமந்தூரார்" என்று சொல்லிப் பாருங்க. "அண்ணா சாலையில இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று கட்டி 2010-இல் திறந்து, 2014-இல் மருத்துவமனையாக மாறிய அந்தக் கட்டடம் நிற்கும் அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயர். சரி, அந்த மனுஷர் யார் என்று அடுத்து கேட்டால், கொஞ்சம் வயசானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரொம்ப எளிமையானவர். விவசாயி. பதவியைத் தூக்கி எறிஞ்சிட்டு வடலூர் போயிட்டார்."

இந்தப் பதில் அவருடைய ஆட்சியைத் துடைத்து எடுத்துவிட்டது என்பது என் கட்சி. அவரைப் போற்றி எழுதுபவர்களே இதைச் செய்திருக்கிறார்கள். குணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், கையெழுத்துப் போட்ட உத்தரவுகளைப் பற்றி இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

முதலில் சில அடிப்படைத் தகவல்கள். ஓமந்தூர் பெரியவளவு ராமசாமி ரெட்டியார், சுருக்கமாக ஓ.பி.ஆர். திண்டிவனம் பக்கத்தில் ஓமந்தூர். பிறந்தது 1895 பிப்ரவரி 1. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சரியாகச் சொன்னால் அவர் முதலமைச்சராக இருந்ததே இல்லை. 1935 சட்டத்தின்படி மாகாணத் தலைவருக்குப் பெயர் பிரதமர். அன்றைய பத்திரிகைகளில் பிரதம மந்திரி. முதலமைச்சர் என்ற பதவிப் பெயரே 1950 ஜனவரி 26-க்குப் பிறகு வந்தது. இது வெறும் பெயர் விஷயம் இல்லீங்க. அவர் ஆண்டது இன்றைய தமிழ்நாடு அல்ல. வடக்கே ஸ்ரீகாகுளம், தெற்கே திருநெல்வேலி, மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த மாகாணம். 1941 கணக்கெடுப்புப்படி ஐந்து கோடிக்குக் கொஞ்சம் குறைவான மக்கள். 1946-இல் சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு இருந்த தேர்தலில் வந்த சட்டசபை. சுதந்திரம் வந்த பிறகும் 1948 செப்டம்பர் வரை கவர்னர் ஆர்ச்சிபால்ட் நை என்ற பிரிட்டிஷ் படைத்தளபதி.

இந்தப் பின்னணியை மனசுல வெச்சுக்குங்க. கீழே சொல்லப்போவதில் பாதி மலபாரிலும் தென் கன்னடத்திலும் நடந்தது. தமிழில் எழுதப்படும் ஓமந்தூரார் வரலாறுகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது அந்த எளிமைக் கதைகள். சொந்தக் காசில் சாப்பிட்டார், சிபாரிசுக்கு வந்த உறவினரை வாசலோடு திருப்பி அனுப்பினார், அரசாங்கக் காரை வீட்டு வேலைக்குத் தொடவில்லை, பதவி முடிந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இதே கதைகள் காமராஜரைப் பற்றியும் இருக்கு, கக்கனைப் பற்றியும் இருக்கு. பெயரை மாற்றிப் போட்டால் அப்படியே பொருந்தும். கதைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர் என்பதில் அன்றைய எதிரிகளுக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் பொருந்தும் ஒரு கதை, மூவரில் எவரைப் பற்றியும் நமக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை. இன்றைய அரசியல்வாதிகளைத் திட்டுவதற்காகத்தான் இந்தக் கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. திட்டுவது சரிதான், ஆனா அதுக்கு ஒரு மனுஷனோட வரலாற்றைப் பலி கொடுக்கணுமா?

அவர் பதவிக்கு வந்த விதத்தையே எடுத்துக்கொள்வோம். 1946 தேர்தல் முடிந்ததும் தில்லித் தலைமை ராஜாஜியை விரும்பியது. மாகாணக் காங்கிரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தங்குதூரி பிரகாசம் வந்தார், ஒரு வருஷத்துக்குள் சொந்தக் கட்சியே அவரை இறக்கியது. அடுத்து யார் என்ற கேள்விக்கு, காமராஜர் பக்கத்து ஆட்கள் நிறுத்திய பெயர் ஓமந்தூரார். அவர் முதலில் மறுத்தார், ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்குப் போய்வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எந்தக் கோஷ்டியையும் சேராதவர், தமிழர், சொந்தப் படை இல்லாதவர், தேவைப்பட்டால் மாற்றிவிடலாம் என்ற கணக்கும் அந்தத் தேர்வில் இருந்திருக்கும். இப்படிப் "பிடித்து உட்கார வைக்கப்பட்ட" ஒருவர் வழக்கமாகச் சும்மா இருப்பார். இவர் சும்மா இருக்கவில்லை. சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது.

பட்டியலைப் பாருங்க. 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம். அதே வருஷம் தேவதாசி ஒழிப்புச் சட்டம். ஜமீன் நிலங்களில் குத்தகைக் குறைப்பு. நவம்பரில் திருத்திய வகுப்புவாரி உத்தரவு. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1949 தொடக்கத்தில் இந்து அறநிலைய மசோதா. பதவியை விட்டுப் போவதற்குச் சில வாரங்கள் முன்பு, பாரதியார் பாடல்களின் உரிமையை அரசாங்கமே வாங்கிப் பொதுவாக்கும் என்ற அறிவிப்பு. இரண்டே வருஷத்தில்! நாடு பிரிந்து, காந்தி சுடப்பட்டு, ஹைதராபாத் எல்லையில் கலவரம், ரேஷன் அரிசித் தட்டுப்பாடு என்று இருந்த இரண்டு வருஷம்.

இதில் வகுப்புவாரி உத்தரவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். பழைய ஏற்பாடு 1920-களின் கடைசியில் முத்தையா முதலியார் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. ஓமந்தூரார் ஆட்சி இதை 14 இடமாக மாற்றியது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் - கிறிஸ்தவர் 1, முஸ்லிம்கள் 1.

"பிற்பட்ட இந்துக்கள்" என்ற வரிதான் புதுசு. அதுவரை பிராமணரல்லாதார் என்பது ஒரே மூட்டை. அந்த மூட்டைக்குள் முதலியாரும் ரெட்டியாரும் பிள்ளையும் வேலைகளை எடுத்துக்கொள்ள, வன்னியரும் நாடாரும் மறவரும் கைத்தொழில் சாதிகளும் வாசலில் நின்றார்கள். 1934 முதலே பிற்பட்டோர் சங்கம் தனிப்பங்கு கேட்டுவந்தது. நீதிக்கட்சி அதைக் கொடுக்கவில்லை. ஒரு ரெட்டியார், காங்கிரஸ்காரர், கொடுத்தார். சொந்த சாதி உட்கார்ந்திருந்த மூட்டையை அவிழ்த்தார் என்பதைக் கவனிக்கணும். இந்தக் காலத்தில்தான் அவரைத் "தாடி இல்லாத ராமசாமி" என்று கிண்டல் செய்தார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. ஈரோட்டு ராமசாமிக்குத் தாடி இருந்தது, ஓமந்தூர் ராமசாமிக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது கிண்டலின் பொருள்.

ஆனால் கணக்கை முழுசாப் போட்டுப் பாருங்க. பாராட்டுக் கட்டுரைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. தாழ்த்தப்பட்டோர் பங்கு 12-க்கு 1, அதாவது 8.3 சதவீதமாக இருந்தது, 14.3 ஆனது. நல்லது. பிராமணரல்லாதாரும் பிற்பட்டோரும் சேர்ந்து 41.7-இலிருந்து 57.1. பிராமணர் 16.7-இலிருந்து 14.3. அப்போ யாருடைய பங்கிலிருந்து இது வந்தது? முஸ்லிம்கள் 16.7-இலிருந்து 7.1-க்கு வந்தார்கள். கிறிஸ்தவர்களும் அப்படியே. பழைய பங்கு அவர்களுடைய மக்கள்தொகையைவிட அதிகம், அதனால் குறைத்தது நியாயம் என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும். மாகாணத்தில் சுமார் மூன்று சதவீதம் இருந்த பிராமணர்களுக்கு அதே அளவுகோலை ஏன் வைக்கவில்லை? புதிய உத்தரவு வந்தது 1947 நவம்பர், பிரிவினை முடிந்து மூன்று மாதம். சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் பெரிய கட்சி முஸ்லிம் லீக், தலைவர் முகமது இஸ்மாயில். கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. சமூக நீதி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்படும் இந்த உத்தரவின் செலவைச் சிறுபான்மையினர் கட்டினார்கள் என்பதை எந்தப் பொன்னெழுத்திலும் நான் பார்த்ததில்லை.

இந்த 14 இட உத்தரவு பிறகு என்ன ஆனது என்பது சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். கல்லூரிச் சேர்க்கைக்கும் இதே விகிதம்தான். செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி. அதே வருஷம் ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15-ஆவது பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. இந்தியாவில் இன்றைக்குப் பிற்பட்டோருக்குக் கல்வியில் இடம் கிடைக்கும் வழி அதிலிருந்து கிளம்பியது.

வேடிக்கை என்னவென்றால், சட்டக் கல்லூரிப் புத்தகத்தைத் திறந்தால் இந்த மனுஷருடைய ஆட்சி வரிசையாக வருகிறது, பெயர் மட்டும் எங்கேயும் வராது. "சென்னை அரசு" என்றுதான் இருக்கும். 1954-இல் தீர்ப்பு வந்த சிரூர் மடம் வழக்கு: எது மதத்தின் இன்றியமையாத பகுதி, எது அரசு ஒழுங்குபடுத்தக்கூடிய உலகியல் பகுதி என்று பிரித்துப் பார்க்கும் முறை அங்கே பிறந்தது. அந்த வழக்கு 1951 அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்தது, அந்தச் சட்டத்தின் மசோதா ஓமந்தூரார் ஆட்சியில் வந்தது. 1957-இல் வெங்கடரமண தேவரு வழக்கு: தென் கன்னடத்தில் முல்கி என்ற ஊரில் கௌட சாரஸ்வத பிராமணர்களின் கோயில். இது எங்கள் சமூகத்துக்கு மட்டுமான கோயில், 1947 கோயில் நுழைவுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. சில சடங்குகளின்போது மட்டும் அந்தச் சமூகத்தார் தனியாக இருக்க அனுமதித்தது. 1939-இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்றைய சட்டம் அறங்காவலர் மனசு வைத்தால் கோயிலைத் திறக்கலாம் என்ற அளவில் இருந்தது. 1947 சட்டம்தான் நுழைவதை உரிமையாக்கி, தடுப்பதைக் குற்றமாக்கியது. மதுரைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இதுக்குக் கிடைக்கவில்லை.

அறநிலைய மசோதாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லணும், ஏன்னா இன்றைய சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு. "கோயிலை விட்டு அரசே வெளியேறு" என்று கோஷம் போடுபவர்களும் சரி, அதை எதிர்ப்பவர்களும் சரி, அறநிலையத் துறையைத் திராவிட இயக்கத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். அறநிலைய வாரியம் பனகல் அரசர் காலத்து 1920-களின் சட்டத்தில் வந்தது, உண்மை. ஆனால் வாரியத்தைக் கலைத்து, ஆணையர் தலைமையில் நேரடி அரசுத் துறையாக மாற்றிய திட்டம் காங்கிரஸ் ஆட்சியுடையது; 1951-இல் சட்டமானபோதும் காங்கிரஸ் ஆட்சிதான். அதைத் தொடங்கி வைத்தவர் கடவுள் மறுப்பாளர் கிடையாது. வள்ளலாரைப் பின்பற்றியவர், பக்தர். பக்தி இருந்ததால்தான், கோயில் சொத்தை மடாதிபதியும் தர்மகர்த்தாவும் சொந்தச் சொத்து மாதிரி நடத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நான் படிக்கிறேன். அரசு அதை நன்றாக நடத்தியதா என்பது வேறு கேள்வி, நடத்தவில்லை என்பதற்கு நிறைய ஆதாரம் உண்டு. ஆனால் கோயிலைக் கைப்பற்ற நாத்திகர்கள் போட்ட திட்டம் என்ற கதை ஓமந்தூராரைப் பார்த்ததும் நொறுங்கிவிடும். அதனால்தான் இரு பக்கமும் அவரைப் பார்ப்பதில்லை போலும்.

தேவதாசிச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி இருபது வருஷம் போராடிய விஷயம் அவர் ஆட்சியில் சட்டமானது. பொட்டுக் கட்டுவதைத் தடுத்தது. கூடவே கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் குற்றமாக்கியது. அதே ஆட்டம் சபா மேடைகளில் வேறு சாதிப் பெண்களிடம் கௌரவமாக வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. இதைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன, இங்கே நீட்ட வேண்டாம்.

இனி எளிமைக் கதைகள் வாயே திறக்காத பக்கம்.

1948-இல் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தார். தமிழ்ப் பகுதிக்கு விருப்பப் பாடம் என்று தொடங்கியது கட்டாயத்தை நோக்கி நகர்ந்ததும், மறைமலை அடிகள், திரு.வி.க., பெரியார், அண்ணா என்று எல்லாரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். இதே அவினாசிலிங்கம்தான் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் காரணமானவர், பாரதி பாடல் அறிவிப்பைச் சட்டசபையில் செய்தவரும் அவரே. தமிழைக் கொண்டாடிக்கொண்டே இந்தியைத் திணிப்பதில் அவர்களுக்கு முரண்பாடு தெரியவில்லை. இரண்டும் அவர்களுக்குத் தேசியம். ராஜாஜி 1938-இல் பட்டது பத்து வருஷம் கழித்து எப்படி மறந்தது என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். பழி இன்றைக்கும் ராஜாஜி மேல்தான் முழுசா விழுகிறது. 1948 இந்தி எதிர்ப்பு என்று பேசும்போது அன்றைய பிரதமர் பெயர் எத்தனை பேர் வாயில் வருகிறது? எளிமை அவரை இங்கேயும் காப்பாற்றியிருக்கிறது.

காந்தி கொலைக்குப் பிறகு 1948 மார்ச்சில் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்ததும் இதே ஆட்சி. காந்தியைக் கொன்றவனுக்கும் கருஞ்சட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. இதற்கு நாலு மாதம் முன்புதான் பெரியார் பல வருஷமாகக் கேட்ட வகுப்புவாரி உரிமையை இவர் விரிவாக்கியிருந்தார். ஆகஸ்டில் கவர்னர் ஜெனரலாகிவிட்ட ராஜாஜி சென்னை வந்தபோது கறுப்புக்கொடி காட்டத் திட்டமிட்ட பெரியாரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். "தாடி இல்லாத ராமசாமி" என்ற கிண்டலை மட்டும் சொல்லி, தாடி உள்ள ராமசாமியை அவர் அரசு கைது செய்ததைச் சொல்லாமல் விட்டால் படம் தலைகீழாகிவிடும்.

மலபார் இதைவிட மோசம். 1948 ஏப்ரல் 30, ஒஞ்சியம். கம்யூனிஸ்ட் ஊழியர்களைத் தேடி விடியற்காலையில் போலீஸ் ஊருக்குள் போனது, மக்கள் கூடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் எட்டுப் பேர் செத்தார்கள். கேரளத்தில் ஒஞ்சியம் என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். அன்றைக்கு அந்த ஊரை ஆண்டது சென்னைக் கோட்டை. ஏ.கே. கோபாலனை 1947 டிசம்பரில் பிடித்தவர்கள் ஒரு வழக்கு போனால் இன்னொரு உத்தரவு என்று வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். அந்தச் சிறைவாசம்தான் 1950-இல் "கோபாலன் எதிர் சென்னை அரசு" என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணையின்றி அடைத்து வைப்பதை நீதிமன்றம் ஏற்ற முதல் பெரிய தீர்ப்பு, பல வருஷம் இந்தியக் குடிமகனின் கழுத்தைப் பிடித்த தீர்ப்பு. கோபாலனைக் கோர்ட்டுக்கு அனுப்பிய 1950 உத்தரவு அடுத்து வந்த குமாரசாமி ராஜா ஆட்சியில் போட்டது, அதை ஒத்துக்கொள்ளணும். ஆனால் கைதும் முதல் இரண்டு வருஷத்தில் பெரும்பகுதியும் ஓமந்தூரார் கணக்கு.

தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடக்கும்போது பக்கத்து மாகாணம் வேறு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. எல்லை மாவட்டங்களில் பயம் உண்மையானது. ஆனால் கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் ஒஞ்சியத்துக்கும் தெலங்கானாவுக்கும் நடுவில் தீபகற்பத்தின் பாதி கிடக்கிறது.

நிலச் சட்டத்துக்கு வருகிறேன். ஜமீன் ஒழிப்பு பெரிய வேலை. வருவாய் அமைச்சர் கலா வெங்கடராவ் கொண்டுவந்தார். விஜயநகரம், பொப்பிலி, பிட்டாபுரம், ராமநாதபுரம், சிவகங்கை என்று நூற்றைம்பது வருஷம் வரி வசூலித்துத் தின்றவர்களின் கதை முடிந்தது. பொப்பிலி ராஜா பத்து வருஷம் முன்பு இதே மாகாணத்தின் தலைமை மந்திரி என்பதை நினைத்தால், நடந்த மாற்றத்தின் அளவு புரியும். ஆனால் "விவசாயி முதல்வர்" என்று புகழும்போது எந்த விவசாயி என்று கேட்கணும். ஜமீனில் பயிர் செய்தவன் ரயத்துவாரி பட்டாதாரர் ஆனான். ஏற்கெனவே ரயத்துவாரியாக இருந்த இடத்தில், உதாரணமாகத் தஞ்சாவூரில், மிராசுதாரையோ பண்ணையாளையோ இந்தச் சட்டம் தொடவே இல்லை. பண்ணையாளுக்கான முதல் பாதுகாப்பு 1952-இல் ராஜாஜி ஆட்சியில்தான் வந்தது, அதுவும் கம்யூனிஸ்டுகளின் அழுத்தத்தில். ஓமந்தூரார் பிறந்ததும் வளர்ந்ததும் தென்னாற்காட்டு ரயத்துவாரி நிலக்காரர் உலகம். வேலைவாய்ப்பில் சொந்த மூட்டையை அவிழ்க்க முடிந்தவருக்கு நிலத்தில் அது முடியவில்லை. ராஜாவை இறக்கினார், தன்னைப் போன்றவரை விட்டுவிட்டார். இதை நான் கபடம் என்று சொல்லமாட்டேன். உழுவிக்கிறவனையே விவசாயி என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு உழுகிறவன் தெரியவில்லை.

கடைசியாக, "பதவியைத் தூக்கி எறிந்தார்" என்ற வாசகம். எறியவில்லை. எடுத்தார்கள். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் அவருக்கு ஆதரவு கரைந்தது, 1949 ஏப்ரலில் பி.எஸ். குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார். கொண்டுவந்த காமராஜர் பக்கம் விலகியதும் நிற்க இடம் இல்லை. உறுப்பினர்களின் சிபாரிசை மதிக்கவில்லை என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். எளிமைக் கதைக்கு அது பொருத்தமாகவும் இருக்கு. எனக்கு அது போதவில்லை. இரண்டு வருஷத்தில் ஜமீன்தார், மடாதிபதி, தர்மகர்த்தா, அரசு வேலையை நம்பிய மேல்சாதி என்று இத்தனை பேரைத் தொட்ட ஒருவருக்கு, கோஷ்டி இல்லாமல் கட்சிக்குள் எத்தனை நாள் தாக்குப் பிடிக்க முடியும்? சிபாரிசு கடிதத்தைக் கிழித்ததற்காக மட்டும் ஒருவரை இறக்கினார்கள் என்று நம்பினால், மேலே சொன்ன சட்டங்களால் யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை என்று ஆகிவிடும்.

துறவுக் கதை இந்தத் தோல்வியையும் அழகாக மூடிவிடுகிறது. தோற்றவர் என்று சொன்னால் யார் தோற்கடித்தார்கள் என்று கேள்வி வரும். துறந்தவர் என்று சொல்லிவிட்டால் காமராஜர் பக்தர்களுக்கும் சங்கடமில்லை, ஓமந்தூரார் பக்தர்களுக்கும் சங்கடமில்லை.

வடலூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் நடத்தினார். அந்த வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. 1970 ஆகஸ்ட் 25-இல் இறந்தார். அப்போது கோட்டையில் திமுக வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 1951-இல் முதல் திருத்தத்துக்குப் பிறகு பிற்பட்டோருக்கு ஒதுக்கிய 25 சதவீதம் அன்று வரை நடைமுறையில் இருந்தது. அவர் இறந்த மூன்று மாதத்தில் சட்டநாதன் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷம் அந்த 25, 31 ஆனது.